அதிரும் தட்டில் அம்மா நின்ற ஏழு மாதம்: எலும்புக்காக வாங்க நினைப்பவர்களுக்கு

எலும்பு பலமாகும் என்று நம்பி வைப்ரேஷன் பிளேட் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தால் பத்து நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் இரண்டு மெஷின் பார்த்துவிட்டோம். ஒன்று கோயமுத்தூரில் ஒரு கடையில் 14,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது, இன்னொன்று இங்கிலாந்தில் இருக்கும் அக்கா ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. இரண்டையும் கடைக்காரர்கள் ஒரே பெயரால்தான் சொல்கிறார்கள், ஆனால் இரண்டும் செய்யும் வேலைக்குச் சம்பந்தமே இல்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அம்மா மூன்று நாள் தலைசுற்றிப் படுத்திருக்க மாட்டார்.

அம்மாவுக்கு 63 வயது, எடை 51 கிலோ. பொள்ளாச்சிப் பக்கம் கிராமம். போன வருஷம் ஆடிச் சாரலில் வாசல்படி ஈரமாக இருந்திருக்கிறது, வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால் எலும்பைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்கிற எண், மைனஸ் 2.6. மைனஸ் 1 வரைக்கும் பிரச்சினை இல்லை, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் அடர்த்தி குறைவு, மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ ஆஸ்டியோபோரோசிஸ். வாரம் ஒரு அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை, எட்டு வாரத்துக்கு வாரம் ஒன்றாக 60,000 யூனிட் வைட்டமின் டி, தினமும் கால்சியம் என்று சிகிச்சை ஆரம்பித்தது.

இங்கே ஒரு விஷயம். நம் ஊரில் ‘எலும்பு தேய்மானம்’ என்று ஒரே வார்த்தையை இரண்டு வியாதிக்கும் சொல்கிறோம். முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து உட்கார எழ வலிப்பது ஒன்று. எலும்புக்குள்ளேயே சத்து கரைந்து சல்லடைபோல ஆகிவிடுவது இன்னொன்று, ஆஸ்டியோபோரோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வதும் எலும்புப்புரை என்று பத்திரிகைகளில் எழுதுவதும் இதைத்தான். முதலாவது வலிக்கும், இரண்டாவது முறிகிற நாள் வரைக்கும் வலிக்காது. கடையில் போய் “எலும்பு தேய்மானத்துக்கு இது நல்லதா” என்று கேட்டால் எதைக் கேட்கிறீர்கள் என்று அவர்களும் கேட்பதில்லை, “நல்லதுங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

கடையில் மசாஜ் நாற்காலிகளுக்கும் டிரெட்மில்லுக்கும் நடுவில் வைத்திருந்தார்கள். கறுப்புத் தட்டு, ரிமோட், கையில் பிடிக்க இரண்டு ரப்பர் கயிறு. பிராண்ட் பெயரை நான் எழுதவில்லை, ஏனென்றால் அதே தட்டை வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏழெட்டுப் பெயர்களில் ஆன்லைனில் பார்த்துவிட்டேன். விற்றவர் “இது நாசா டெக்னாலஜி மேடம், பத்து நிமிஷம் நின்றால் ஒரு மணி நேரம் ஜிம் போனதுக்குச் சமம், எலும்பும் ஸ்ட்ராங் ஆகும்” என்றார். திரையில் வேகம் 1 முதல் 99 வரை இருந்தது. 99 என்றால் என்ன அளவு, நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை, கையேட்டிலும் போடவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத மெஷினை எலும்புக்காக வாங்கவே கூடாது என்று இப்போது சொல்வேன்.

வீட்டில் 30-இல் வைத்து அம்மாவை ஏற்றினோம். “ஏங்கண்ணு, டவுன் பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்த மாதிரி இருக்குது, பல்லெல்லாம் ஆடுது” என்றார். பழகிவிடும் என்று நான்தான் சொன்னேன். இரண்டாம் நாள் முழங்கால் வலி, மூன்றாம் நாள் இறங்கியதும் தலைசுற்றல், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விழுந்துவிடக் கூடாது என்பதற்காக வாங்கிய சாமான் அவரை விழவைத்திருக்கும். அன்றோடு நிறுத்திவிட்டோம். கடையில் திரும்ப எடுக்க மாட்டோம், பழுது இருந்தால் மாற்றித் தருவோம் என்றார்கள், பழுது எதுவும் இல்லாததால் அது இன்னும் பரண்மேல் கிடக்கிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன், படித்ததைச் சோதித்தும் பார்த்தேன். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தில் செய்த ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் இருக்கிறது, கைபேசியில் இருக்கும் சென்சாரை வைத்து அதிர்வை அளக்கும். போனைத் தட்டின் ஓரத்தில், பாதம் வைக்கிற இடத்தில், டேப் போட்டு இறுக்கி ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். 30-இல் நொடிக்கு 11 தடவை அதிர்ந்தது, அதாவது 11 ஹெர்ட்ஸ். வேகமாற்றம் 2 ஜி-க்கு மேல் போனது. ஒரு ஜி என்பது பூமி நம்மை இழுக்கிற அளவு. தட்டு ஒரு ஜி-க்கு மேலான வேகமாற்றத்தில் கீழே இறங்கினால் காலால் அதைத் தொடர முடியாது, பாதம் ஒரு கணம் தட்டை விட்டுப் பிரிந்து மறுபடி அதன்மேல் அடிக்கிறது, நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. டவுன் பஸ் கடைசி சீட் என்று அம்மா சொன்னது ரொம்பச் சரி. லாரி, டிராக்டர் ஓட்டுகிறவர்கள் உடம்பில் வாங்குகிற அதிர்வை மதிப்பிட ஐ.எஸ்.ஓ. 2631 என்று ஒரு தரநிலையே இருக்கிறது, நீண்ட காலம் அதிர்வில் உட்கார்ந்தால் முதுகு கெடும் என்பதால்தான். முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டிய எங்கள் மாமாவின் முதுகைப் பார்த்தவளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, நாசா என்று அவர் சொன்னது முழுப் பொய்யா என்றால் இல்லை. விண்வெளியில் எடை தாங்க வேலை இல்லாததால் வீரர்களுக்கு இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை கரைகிறது, அதைத் தடுக்க வழி தேடியபோது நாசா பணம் கொடுத்த ஆய்வுகளில் ஒன்று நியூயார்க் மாநிலத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கிளின்டன் ரூபின் குழு செய்தது. செம்மறி ஆடுகளை வைத்துச் செய்தார்கள். பின்னங்கால்களை மட்டும் ஒரு தட்டில் நிற்கவைத்து, தினம் 20 நிமிஷம், வாரம் ஐந்து நாள், ஒரு வருஷம். அதிர்வு 30 ஹெர்ட்ஸ், அளவு வெறும் 0.3 ஜி. வருஷம் முடிந்து பார்த்தபோது தொடை எலும்பின் மேல்பகுதியில், உள்ளே பஞ்சுபோல இருக்கும் எலும்பின் அடர்த்தி மற்ற ஆடுகளைவிட 34 சதவீதம் கூடுதல். 2001-இல் நேச்சர் இதழில் வந்தது.

0.3 ஜி, 30 ஹெர்ட்ஸ் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தட்டு நடுநிலையிலிருந்து மேலே கிட்டத்தட்ட 0.08 மில்லிமீட்டர், கீழே அதே அளவு அசைகிறது, ஒரு தலைமுடியின் தடிமன். கண்ணுக்குத் தெரியாது. இவ்வளவு சின்ன அதிர்வு எப்படி எலும்புக்குப் போதும் என்பதற்கு ரூபின் குழு சொல்லும் காரணம் எனக்குப் பிடித்திருந்தது: நாம் சும்மா நிற்கும்போதே நம் தசைகள் விழாமல் தாங்கிப் பிடிக்க ஓயாமல் மெல்லத் துடித்துக்கொண்டே இருக்கின்றன, அந்தத் துடிப்பு நொடிக்கு 20 முதல் 50 வரை, வயதானால் தசை மெலிந்து அது குறைந்துவிடுகிறது, அதை வெளியிலிருந்து திரும்பக் கொடுக்கிறோம் என்பது. எலும்புக்குள் ஆஸ்டியோசைட் என்ற செல்கள் புதைந்து கிடக்கின்றன, எலும்பின் மேல் வரும் பாரத்தையும் அசைவையும் உணர்வது அவைதான். பாரம் வந்தால் அவை ஸ்க்ளெரோஸ்டின் என்ற புரதத்தைக் குறைக்கும். அந்தப் புரதம் எலும்பு கட்டுவதைத் தடுத்து நிறுத்தும் பிரேக் மாதிரி, அது குறைந்தால் கட்டும் வேலை நடக்கும். தோட்டத்தில் வேலை செய்த பாட்டிமார்களின் எலும்பு திடமாக இருந்ததும், படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சீக்கிரம் கரைவதும் இதனால்தான்.

ஆனால் ஆடு வேறு, அம்மா வேறு. மனிதர்களிடம் என்ன நடந்தது என்பதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன். மூளைவாதம் போன்ற காரணங்களால் சரியாக நடமாட முடியாத 20 குழந்தைகளை வைத்து 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. தினம் 10 நிமிஷம், வாரம் ஐந்து நாள், ஆறு மாதம். அதிர்வு கிடைத்த குழந்தைகளுக்குக் கீழ்க்கால் எலும்பின் அடர்த்தி 6.3 சதவீதம் கூடியிருந்தது, சும்மா தட்டில் நின்ற குழந்தைகளுக்கு 11.9 சதவீதம் குறைந்திருந்தது. அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அந்த நம்பிக்கையோடு மாதவிடாய் நின்ற பெண்களின் ஆய்வுகளுக்கு வந்தால் மனசு இறங்கிவிடுகிறது. டொரோன்டோவில் 202 பெண்கள், தினம் 20 நிமிஷம், ஒரு வருஷம், எல்லோருக்கும் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். 2011-இல் முடிவு வந்தது, நின்றவர்களுக்கும் நிற்காதவர்களுக்கும் எலும்பு அடர்த்தியில் வித்தியாசம் இல்லை. பாஸ்டன் பக்கம் முதியோர் குடியிருப்புகளில் 174 பேர் இரண்டு வருஷம் தினமும் 10 நிமிஷம் நின்றார்கள், அதிலும் இல்லை.

அப்படியானால் ஏன் இன்னும் அம்மாவை நிற்கவைக்கிறேன்? ஹாங்காங் ஆய்வுதான் காரணம். 60 வயதுக்கு மேற்பட்ட 710 பெண்கள், 35 ஹெர்ட்ஸ், 0.3 ஜி, தினம் 20 நிமிஷம், வாரம் ஐந்து நாள், 18 மாதம். அடர்த்தி அவர்களுக்கும் கூடவில்லை. ஆனால் விழுந்தவர்கள் அல்லது எலும்பு முறிந்தவர்கள் அதிர்வுக் குழுவில் 18.6 சதவீதம், மற்றக் குழுவில் 28.7 சதவீதம். கால் பலமும் தடுமாறாமல் நிற்கிற திறனும் கூடியிருந்தன. அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்ததற்கு எலும்பு பாதிக் காரணம், வழுக்கியது பாதிக் காரணம். எலும்பைப் பார்க்க மாத்திரை இருக்கிறது, வழுக்காமல் பார்த்துக்கொள்ள மாத்திரை கிடையாதே.

இப்போது அக்கா கொண்டுவந்த மெஷின். ஜுவென்ட், மரோடைன் என்று வெளிநாட்டில் விற்கும் மென்னதிர்வுத் தட்டுகளின் வகை. புதிதாக வாங்கினால் நம் பணத்தில் லட்சங்களில் போகும், அக்காவுக்குத் தெரிந்த ஒரு பாட்டி பயன்படுத்தியதைக் குறைந்த விலைக்கு வாங்கிவந்தார். அங்கேயும் 230 வோல்ட் என்பதால் பிளக் மட்டும் மாற்றினோம். முதல் நாள் ஏறி நின்ற அம்மா “கரண்ட் வருதான்னு பாரு கண்ணு, ஒண்ணுமே தெரியல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மாவு மில்லு வாசல்ல நிக்கற மாதிரி பாதத்துல மட்டும் லேசா இருக்குது.” போனை ஒட்டி அளந்தேன், 30 ஹெர்ட்ஸ், 0.4 ஜி. பழைய தட்டையும் 1-இல் வைத்து அளந்து பார்த்தேன், அதிலும் 0.4 ஜி-க்குக் கொண்டுவர முடிகிறது, ஆனால் அப்போது நொடிக்கு ஐந்து தடவைதான், சீசா பலகை மாதிரி இடமும் வலமுமாக ஆட்டுகிறது, மேலும் கீழுமாக அதிரவில்லை. ஆக வேகத்தைக் குறைத்து வைத்தால் மென்னதிர்வு ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏழு மாதமாகக் காலை ஆறரைக்கு, ரேடியோவில் பக்திப் பாட்டு ஓடும்போது, பத்து நிமிஷம். நிற்கிற விதம் முக்கியம். நிமிர்ந்து நின்றால் அதிர்வில் கிட்டத்தட்ட 80 சதவீதம் இடுப்பு வரைக்கும் போய்ச் சேர்கிறது, முழங்காலை மடக்கினால் பெரும்பகுதி முழங்காலிலேயே அடங்கிவிடுகிறது. உடம்புக்குள் எலும்பிலேயே ஊசி பதித்து அளந்து சொன்னது இது. ஆகவே கனமான செருப்போ மெத்தைபோன்ற ஷூவோ போடாமல், நேராக, ஆனால் விறைக்காமல். தட்டைச் சமையலறை மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், ஏறி இறங்கும்போது கை பிடிக்க. ஏறி இறங்குகிற உயரம் கொஞ்சம்தான், ஆனாலும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து, அதற்காக ஆரம்பத்தில் நான் பக்கத்திலேயே நின்றேன்.

என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால், நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் மார்கழியில் நாலு நொடி நின்றார், இப்போது பன்னிரண்டு, பதின்மூன்று நொடி. படி இறங்கும்போது சுவரைத் தடவுவது குறைந்திருக்கிறது. முழங்கால் வலி கூடவில்லை, தலைசுற்றல் இல்லை. ஆனால் பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பயிற்சியையும் இதே ஏழு மாதமாகச் செய்கிறார்: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை, மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கிப் பட்டென்று தரையில் போடுவது, இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்குவது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, தட்டு ஒன்றுதான் காரணம் என்று எழுதினால் அது பொய்.

பணம் அளவாக வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் லிஃப்ட்மோர் என்று ஓர் ஆய்வு, எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள். வாரம் இரண்டு தடவை, அரை மணி நேரம், எட்டு மாதம், ஆள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க நல்ல எடை தூக்கவும் குதித்து இறங்கவும் செய்தார்கள். இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. மெஷினுக்குக் கொடுக்கிற லட்சத்தில் எத்தனை மாதம் நல்ல பயிற்சியாளரிடம் போகலாம் என்று கணக்குப் பாருங்கள். நீங்களாக வீட்டில் எடை தூக்க ஆரம்பித்துவிடாதீர்கள், ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கியிருந்தால் குனிந்து தூக்குவதே முறித்துவிடும், டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். எடை தூக்கவே முடியாத, நடக்கச் சிரமப்படும் ஆட்களுக்குத்தான் மென்னதிர்வுத் தட்டு உண்மையில் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இடுப்பில் கட்டுகிற பெல்ட் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஆஸ்டியோபூஸ்ட் என்று பெயர், 2024 ஜனவரியில் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது, அங்கே டாக்டர் சீட்டு இருந்தால்தான் வாங்க முடியும். 126 பெண்களிடம் சோதித்தார்கள், வாரம் மூன்று தடவையாவது கட்டியவர்களுக்கு ஒரு வருஷத்தில் முதுகெலும்பின் பலம் 0.48 சதவீதம் குறைந்தது, சும்மா பெல்ட் கட்டியவர்களுக்கு 2.84 சதவீதம். குறைவது மெதுவானது, கூடவில்லை, அதைக் கவனியுங்கள். அனுமதியும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்கு வராத, அடர்த்தி குறைவு நிலையில் இருக்கும் பெண்களுக்கு மட்டும். அம்மா அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார், அதனால் எங்களுக்கு அது இல்லை.

யாரெல்லாம் தட்டில் ஏறக் கூடாது என்பதைக் கடையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், எலும்பு முறிந்து இன்னும் கூடாதவர்கள், புதிதாக ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கண்ணில் விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், இவர்களெல்லாம் டாக்டரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம், அதிலும் பெரிய அதிர்வுத் தட்டில்.

இன்னொன்று, எங்கள் பெரியம்மா இந்தத் தட்டைப் பார்த்துவிட்டு “அப்ப மாத்திரையை நிறுத்திடலாமா” என்று கேட்டார். கூடாது. வாரமொரு காலை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருப்பது அம்மாவுக்குச் சலிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் முறிவைக் குறைக்கும் என்று நிரூபித்தது அந்த மாத்திரைதான். கூடவே கேழ்வரகுக் களியும் கீரையும் மோரும், காலைப் பத்தரைக்குமேல் கொஞ்சம் வெயிலும்.

மார்க் போடச் சொன்னால், கடையில் வாங்கிய தட்டுக்கு, எலும்புக்காக என்று சொல்லி விற்றதால், ஐந்தில் ஒன்றுகூடத் தர மனசில்லை. மென்னதிர்வுத் தட்டுக்கு மூன்று, அந்த மூன்றும் அம்மாவின் கால் தடுமாறாமல் இருப்பதற்கு. இரண்டாவது டெக்ஸா அடுத்த மாதம் ஆவணியில், போன தடவை எடுத்த அதே இடத்தில் அதே மெஷினில்தான் எடுக்கப் போகிறோம், வேறு மெஷினில் எடுத்தால் ஒப்பிட முடியாது. ஒன்றிரண்டு சதவீதம் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் அது அளவெடுப்பதில் வருகிற வித்தியாசமாக இருக்கலாம் என்று டாக்டர் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். எண் கையில் வந்ததும், எதுவாக இருந்தாலும், இதன் கீழேயே சேர்த்துவிடுகிறேன்.